மேல் மாடி: யாருக்கு, எத்தனை வருடத்துக்கு?

அரை கிரவுண்டில் தரைத்தளம் மட்டும் கட்டிக் குடியேறிய குடும்பத்தில், பத்துப் பதினைந்து வருடம் போனதும் ஒரு பேச்சு எழாமல் இருக்காது: மேலே மாடி எடுத்துவிடலாமா? பையனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கும். அல்லது பத்தாவது படிக்கிற பெண் தனியறை இல்லாமல் ஹாலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள். அல்லது அப்பா ஓய்வுபெற்று பி.எஃப். பணம் மொத்தமாகக் கைக்கு வந்திருக்கும். "வீணா பேங்க்ல போட்டு வைக்கறதுக்கு ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடுங்க" என்று உறவினர் யாராவது சொல்லியிருப்பார்.

பேச்சு தொடங்கியதும் நேராகச் சதுர அடி ரேட்டுக்குத் தாவிவிடுகிறது. யார் 2,100 சொன்னார், யார் 2,400 சொன்னார், யாருக்கு எந்த மேஸ்திரியைத் தெரியும் என்பதிலேயே ஒரு மாதம் ஓடிவிடும். அந்தக் கேள்வி தேவையானதுதான், ஆனால் கடைசியில் வரவேண்டியது. கீழே இருக்கும் வீடு தாங்குமா, நிலம் யார் பெயரில் இருக்கிறது, மேலே குடியிருக்கப் போவது யார், எத்தனை வருடம் என்ற மூன்றுக்கும் பதில் தெரியாமல் எந்த ரேட்டும் மலிவும் இல்லை, அதிகமும் இல்லை.

தாங்குமா என்பதிலிருந்து தொடங்குவோம். பழைய தனி வீடுகளில் பல, சுவர் தாங்கும் வீடுகள். கருங்கல் அஸ்திவாரம், அதன்மேல் 9 அங்குலச் செங்கல் சுவர், சுவர்மேல் நேராகத் தளம். பில்லர் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டின்மேல் மாடி எடுக்கவே முடியாது என்பதில்லை. கீழ்ச்சுவர் எங்கே இருக்கிறதோ அதற்கு நேர்மேலேதான் மேல்சுவரும் வரவேண்டும். ஹாலைப் பெரிதாக்குகிறேன், படுக்கையறையைத் தள்ளி வைக்கிறேன் என்றால் நடக்காது. 9 அங்குலச் சுவர் 10 அடி உயரத்துக்கு எழும்பினால், ஓடும் அடி ஒன்றுக்கு ஏறக்குறைய 400 கிலோ. 700 சதுர அடிக்கு 5 அங்குலத் தளம் போட்டால் கான்கிரீட்டின் எடை மட்டும் 20 டன். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பி நின்றால் அது ஒரு டன். டைல்ஸ், பூச்சு, பீரோ, மனிதர்கள் எல்லாம் இதற்கு மேல். அத்தனையும் என்றோ தோண்டி மூடிய அஸ்திவாரத்தின் தலையில்தான் இறங்கவேண்டும்.

"எங்க வீடு பில்லர் வெச்சுக் கட்டினது, கம்பியும் விட்டிருக்கோம்" என்று நிம்மதியாகச் சொல்பவர்கள் நிறைய. மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, மாடி எடுக்கும் ஆசை அன்றைக்கு இருந்தது என்பதற்குத்தான் சாட்சி. அடியில் அதற்கேற்ற ஃபுட்டிங் போட்டார்களா என்பது வேறு விஷயம். ஒரு எளிய கணக்கைப் பார்க்கலாம். வீட்டின் நடுவில் நிற்கும் பில்லர், சுற்றியுள்ள நூறு நூற்றுப்பத்துச் சதுர அடித் தளத்தையும் சுவரையும் தாங்குகிறது. ஒரு தளத்துக்கு அது சுமார் 12 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபுட்டிங் 4 அடிக்கு 4 அடி, மண் சதுர மீட்டருக்கு 15 டன் தாங்கும் என்றால், அந்த ஃபுட்டிங் ஏற்கக்கூடியது 22 டன். தரைத்தளம் மட்டும் இருக்கும்வரை கவலையில்லை. மாடி ஏறினால் சுமை 24 டன், வரம்பு தாண்டிவிட்டது. அதே ஃபுட்டிங் 5 அடிக்கு 5 அடியாக இருந்திருந்தால் 34 டன் வரை இடம் இருக்கிறது. ஒரே ஒரு அடி வித்தியாசம். வேளச்சேரி போன்ற பகுதிகளின் களிமண்ணிலும், கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கக் கரிசலிலும் மண்ணின் தாங்குதிறன் இன்னும் குறைவாக இருக்கலாம். கரிசல் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கவும் செய்யும்.

இதை அறிய வழி இருக்கிறது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்தால், முதலில் வெளிப்பக்கப் பில்லர் ஒன்றை ஒட்டி ஆள் இறங்குமளவுக்குக் குழி வெட்டச் சொல்வார். நாலைந்து அடி போனதும் ஃபுட்டிங்கின் விளிம்பு தெரியும். மண்ணைச் சுரண்டி, டேப் வைத்து அகலமும் கனமும் எடுப்பார். நடுப் பில்லருக்கு வீட்டுக்குள்ளேயே நாலு டைல்ஸைப் பெயர்க்க வேண்டிவரலாம். வீட்டம்மா முகம் சுளிப்பார், ஆனால் சுமை அதிகம் விழும் இடம் அதுதான். பிறகு பில்லரின் பூச்சைக் கொத்திவிட்டு ரீபவுண்ட் ஹேமரை வைத்து அழுத்துவார். உள்ளே ஸ்பிரிங்கில் இயங்கும் சுத்தியல் எவ்வளவு எகிறுகிறது என்பதிலிருந்து கான்கிரீட்டின் மேற்பரப்பு உறுதி தெரியும். உள்ளே வெடிப்போ பொந்தோ இருக்கிறதா என்று பார்க்க அல்ட்ராசோனிக் சோதனை. எல்லாம் சேர்த்தாலும் மாடிக்கு ஆகும் செலவில் சிறு துளி. இந்த ஒரு செலவைத் தவிர்ப்பதுபோல மோசமான சிக்கனம் கட்டட வேலையில் வேறில்லை.

நீட்டிவிட்ட கம்பியையும் பார்க்கவேண்டும். பத்து வருடம் மழையில் நனைந்த கம்பி துருப்பிடித்து மெலிந்திருக்கும். புதுக் கம்பியை அதோடு சேர்த்துக் கட்ட, 12 மில்லிமீட்டர் கம்பிக்கு ஏறக்குறைய 2 அடி ஒட்டு வேண்டும். அவ்வளவு நீளம் விடாமல் ஒரு அடியோடு வெட்டியிருந்தால், பழைய பில்லரில் துளையிட்டு கெமிக்கல் வைத்துக் கம்பி நடவேண்டும். அது தனிச் செலவு, தனித் திறமை. கடலோர வீடுகளில் உப்புக் காற்று ஏற்கெனவே உள்கம்பியைத் தின்றிருக்கும். சீலிங் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிகிற வீட்டின்மேல் மாடி எடுக்கச் சொல்லும் மேஸ்திரியை நம்பக்கூடாது. சென்னையை நிலநடுக்க வகைப்பாட்டில் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாவதுக்கு உயர்த்தியது 2002-இல். அதற்கு முன் கட்டிய வீடு என்றால் பொறியாளர் அதையும் கணக்கில் எடுத்துத்தான் சொல்லவேண்டும்.

அடித்தளம் உறுதி என்று வந்தாலும் ஒன்று பாக்கி இருக்கிறது. புது மாடிக்கு 50 வருட ஆயுள் என்பார்கள். கீழ்வீட்டுக்கு வயது 30 ஆகி, இன்னும் 20 வருடம்தான் தாக்குப்பிடிக்கும் என்றால், மேல்வீட்டுக்கும் 20 வருடம்தான். நாம் விலை கொடுப்பது அந்த 20 வருடத்துக்கு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பணத்துக்கு வரலாம்.

700 சதுர அடி, 2,300 ரூபாய் ரேட் என்று வைத்தால் 16 லட்சத்துச் சொச்சம். இந்த ரேட்டுக்குள் எது வரும், எது வராது என்பதை எழுதி வாங்கவேண்டும். படிக்கட்டும் அதன் தலைமேல் வரும் அறையும், கிரில், தண்ணீர்த் தொட்டி, புது மின் இணைப்பு, பிளான் செலவு, மொட்டை மாடியில் பதித்திருந்த தட்டோட்டையும் அதன் அடியிலிருக்கும் சுண்ணாம்பு ஜல்லியையும் கொத்தி எடுத்துக் கீழே இறக்கும் கூலி, வேலை நடக்கும்போது கீழ்வீட்டில் ஏற்படும் ஓதத்துக்கும் வெடிப்புக்கும் பூச்சு, பெயின்ட் எல்லாம் பெரும்பாலும் ரேட்டுக்கு வெளியே நிற்கும். அதற்கு 2 லட்சம் வைத்தால் மொத்தம் 18. இங்கே வீட்டுக்காரர் கேட்கவேண்டிய ஒன்று உண்டு: மாடிக்கு அஸ்திவார வேலை இல்லை, பேஸ்மட்டம் இல்லை, மண் நிரப்ப வேண்டியதில்லை, பிறகு ஏன் புது வீட்டுக்குச் சொல்லும் அதே ரேட்? சாமான்களை மேலே ஏற்றும் கூலி கூடும் என்பது நியாயமான பதில்தான். ஆனால் அது அஸ்திவாரச் செலவு முழுவதையும் விழுங்கிவிடாது. 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததையும் பேரத்தில் சொல்லலாம்.

18 லட்சத்தில் 3 லட்சம் கையிலிருந்து, 15 லட்சம் வங்கிக் கடன், 9 சதவீத வட்டி, 15 வருடம். மாதத் தவணை 15,214 ரூபாய். கடன் தீரும்போது வட்டியாக மட்டும் 12 லட்சத்து 38 ஆயிரம் போயிருக்கும். இந்தப் போர்ஷனை மாதம் 10,000 ரூபாய்க்கு வாடகைக்கு விடுகிறோம் என்று கொள்வோம். ஆள் மாறும்போது ஒரு மாதம் காலி, வெள்ளையடிப்பு, கூடிய சொத்து வரி எல்லாம் போக வருடத்துக்கு ஒரு லட்சம் நிற்கும். முதல் வருட வட்டி மட்டுமே 1 லட்சத்து 33 ஆயிரம். வாடகையை வருடா வருடம் 5 சதவீதம் கூட்டிக்கொண்டே போனாலும், செலவு போகக் கையில் நிற்பது தவணைத் தொகையை எட்டிப்பிடிக்க 13 வருடம் கழிந்திருக்கும். அதுவரை ஒவ்வொரு மாதமும் சம்பளத்திலிருந்தோ பென்ஷனிலிருந்தோ கை போடவேண்டும். கடனே வாங்காமல் சொந்தப் பணத்தைப் போட்டாலும், 18 லட்சத்துக்கு ஒரு லட்சம் என்பது ஐந்தரை சதவீதம். ஓய்வுபெற்றவரின் முழுச் சேமிப்பையும் செங்கல்லில் முடக்க இது போதுமான வருமானமில்லை. நாளைக்கு ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் மாடியில் பாதியை உடைத்துக் காசாக்க முடியாது.

"வீட்டு மதிப்பு கூடுமே" என்பார்கள். கூடும், ஆனால் போட்ட பணத்தின் அளவுக்கு இல்லை. சென்னை, கோவை போன்ற ஊர்களில் 30 வருடம் ஆன தனி வீட்டை வாங்க வருபவர் பெரும்பாலும் நிலத்தைத்தான் விலை பேசுகிறார். புரமோட்டர் வந்தால் இடிக்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுவார். நிலத்தின் விலை ஏறுகிறது, கட்டடத்தின் விலை வருடா வருடம் தேய்கிறது. மாடிக்குப் போடும் பணம் முழுவதும் தேய்கிற பக்கத்தில் விழுகிறது. விற்கும்போது மூலதன ஆதாய வரிக்கு மாடிச் செலவைக் கழித்துக்கொள்ள முடியும் என்பதால் பில்களைப் பத்திரப்படுத்தி, கூலியையும் வங்கி வழியாகக் கொடுப்பது நல்லது. அது வரியைக் குறைக்கும், விலையை ஏற்றாது.

அப்படியானால் மாடியே வேண்டாமா? குடும்பத்தில் ஒருவர் அங்கே உண்மையாகவே குடியிருக்கப் போகிறார் என்றால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. கல்யாணமான மகனோ மகளோ பக்கத்துத் தெருவில் 14,000 ரூபாய் வாடகைக்குப் போயிருப்பார் என்று வையுங்கள். வருடத்துக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் மிச்சம். காலி மாதம் இல்லை, அந்த மிச்சத்துக்கு வருமான வரி இல்லை, அட்வான்ஸ் முடங்குவதில்லை. தனியாக ஒரு ஃபிளாட் வாங்குவதென்றால் நிலத்துக்கும் சேர்த்து விலை கொடுக்கவேண்டும், முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் கட்டவேண்டும். இங்கே நிலம் ஏற்கெனவே இருக்கிறது. கட்டடத்துக்கு மட்டும் காசு. அந்த 18 லட்சத்தை 20 வருடத்துக்குப் பிரித்தால் வட்டி நீங்கலாக மாதம் 7,500 ரூபாய். அதே ஊரில் அந்த அளவு வீடு அந்த வாடகைக்குக் கிடைக்காது என்றால் மாடி லாபம். 20 வருடத்தில் 5 வருடம்தான் யாராவது இருப்பார்கள் என்றால் அதே கணக்கு மாதம் 30,000 ஆகிவிடும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தாத்தா பாட்டி கீழேயே இருப்பது, ராத்திரி ஒரு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் மகள் படியிறங்கி ஓடிவர முடிவது, இதற்கெல்லாம் ரேட் போட முடியாது. என்னைக் கேட்டால் மாடி எடுப்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

ஆனால் இந்த நல்ல காரணத்தில்தான் பெரிய வில்லங்கமும் ஒளிந்திருக்கிறது. நிலம் அப்பா பெயரில். மாடி மகனின் சம்பளத்தில். நல்லபடியாக இருக்கும்வரை யாரும் காகிதம் எழுதுவதில்லை. அப்பா உயில் எழுதாமல் காலமானால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் அவருடைய தாய் என எல்லோருக்கும் சம பங்கு. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சட்டம் வேறு, ஆனால் அங்கேயும் மற்ற வாரிசுகளுக்குப் பங்கு உண்டு. மேலே இருக்கும் தளம் நான் கட்டியது என்பதை மகன்தான் நிரூபிக்கவேண்டும். தங்கை தன் பங்கைக் கேட்டால் அது அவளுடைய உரிமை. பேராசை என்று சொல்ல யாருக்கும் வாயில்லை. பதினைந்து வருடம் தவணை கட்டியவனுக்கும் அது அநியாயமாகத் தெரியும். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிற சண்டைதான் குடும்பத்தைச் சேரவிடாமல் செய்கிறது. ஒரே வீட்டில் கீழேயும் மேலேயும் இருந்துகொண்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிக்கொள்ளும் நிலைக்கு இப்படித்தான் வந்து சேர்கிறார்கள்.

செங்கல் இறங்குவதற்கு முன்பே பேசிவிடவேண்டும், அதுவும் மகள்களை உட்கார வைத்துக்கொண்டு. நிலத்தில் ஒரு பாகத்தைப் பிரிபடாத பங்காக மகன் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதலாம். 2023 ஜூலை திருத்தத்தின்படி குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. மாடிக்கான செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையில்லை. எழுதிக் கொடுக்கும் பெற்றோர் தங்கள் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையை அதே பத்திரத்தில் நிறுத்திக்கொள்ளவேண்டும். பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையையும் வெளிப்படையாக எழுதவேண்டும். அப்படி எழுதியிருந்தால், கைவிடப்பட்டபோது பத்திரத்தை ரத்துசெய்யக் கோர 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டம் வழி தருகிறது. இவ்வளவு தூரம் போக மனமில்லை என்றால், மாடிக்கு யார் எவ்வளவு போட்டார், அது யாருக்குப் போகவேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லும் பதிவுசெய்த உயிலாவது வேண்டும்.

அரசாங்கக் காகிதங்கள் இவ்வளவு சிக்கலில்லை. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி சாதாரணக் குடியிருப்புக்கு மனை அளவைப்போல இரண்டு மடங்கு கட்டிக்கொள்ளலாம். அரை கிரவுண்டான 1,200 சதுர அடியில் 2,400. பெரும்பாலான வீடுகளுக்கு இது தாராளம். 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டம், 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டும் வீடுகளுக்கு ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்க வழிசெய்தது. மாடி எடுப்பவருக்கு முட்டுக்கட்டை வழக்கமாக வேறிடத்தில் இருக்கிறது: கீழ்த்தளமே அங்கீகரித்த வரைபடத்தை மீறிப் பக்கத்துச் சுவர்வரை நீண்டிருக்கும். வங்கியின் பொறியாளர் வந்து பார்க்கும்போது அது வெளியே வரும். கடன் விண்ணப்பம் போடுவதற்கு முன் பழைய பிளானை எடுத்து, டேப்போடு வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்துவிடுவது நல்லது. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: சொந்தக் குடியிருப்புக்கான கடன் கட்டுமானம் என்ற கணக்கில் வந்தால் வட்டிக்கு வருடம் 2 லட்சம் வரை கழிவு, பழுதுபார்ப்பு என்று வந்தால் 30,000 மட்டும். கடன் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். புதிய முறையில் சொந்தக் குடியிருப்புக்கு இரண்டுமே இல்லை.

முழு மாடிக்கும் ஒன்றுமில்லாமைக்கும் நடுவில் இருக்கும் வழிகளை யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. இடம் போதவில்லை என்று சொல்லும் பல வீடுகளில் ஒரு அறை முழுக்க உடைந்த கிரைண்டரும் பழைய கட்டிலும் அடைத்துக்கொண்டிருக்கும். குளியலறை ஒன்றைக் கூட்டி, ஹாலை ஒரு சுவரால் பிரித்தாலே கல்லூரி முடியும்வரை சமாளிக்கலாம். படிக்கும் பிள்ளைக்கு என்றால் தேவை ஐந்தாறு வருடம்தான். அதற்காக 15 வருடக் கடன் வேண்டாம். மாடியில் ஒரே ஒரு அறையும் கழிவறையும் கட்டுவது இன்னொரு வழி. சுமை குறைவு, செலவு மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கலாம். ஏ.ஏ.சி. என்ற லேசான கான்கிரீட் பிளாக்கில் சுவர் எழுப்பினால் செங்கல் சுவரின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். மொட்டை மாடியில் தகர ஷீட் போட்டு அதை அறை என்று சொல்வதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்; சித்திரை, வைகாசியில் அதற்குள் மனிதர் இருக்க முடியாது.

அந்த ஒற்றை அறை சில ஊர்களில் உயிர் காக்கும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் ஏறியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பள்ளிக்கரணையும் வேளச்சேரியும் மூழ்கியபோதும், தரைத்தளம் மட்டும் இருந்தவர்கள் குழந்தைகளோடு பக்கத்து வீட்டு மாடிக்கு ஏறினார்கள். இத்தகைய பகுதியில் வாடகைக் கணக்கு, வட்டிக் கணக்கு எதையும் பார்க்க வேண்டியதில்லை. மேலே ஓர் அறை, ஒரு கழிவறை, ஒரு ஸ்டவ் வைக்குமளவு மேடை, பத்திரங்கள் வைக்க ஒரு அலமாரி. இது ஆடம்பரமில்லை. மேலே தளம் வருவதால் கீழ்வீட்டுக்கு வெயில் நேராக இறங்காமல் சூடு தணிவதும் வெள்ளப் பகுதிக்கு மட்டுமல்ல, எல்லா ஊருக்கும் கிடைக்கும் கூடுதல் பலன்.

கும்பகோணத்திலும் திருச்சியிலும் சென்னைப் புறநகர்களிலும் பூட்டிக் கிடக்கும் மாடிகளைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. மகனுக்கென்று கட்டினார்கள், மகன் பெங்களூரிலோ டல்லாஸிலோ இருக்கிறான். முட்டி வலிக்கிற அம்மாவால் மாதம் ஒருமுறை ஏறிப் பெருக்கவும் முடியவில்லை. கட்டுவதற்கு முன் அந்தப் பையனிடமே "நீ இங்கே இருக்கப் போறியா?" என்று நேராகக் கேட்டிருக்கலாம். பிள்ளை மனம் புண்படும் என்று அப்பா கேட்பதில்லை, அப்பா மனம் புண்படும் என்று பிள்ளையும் சொல்வதில்லை. பதில் "தெரியலைப்பா" என்று வந்தால் இரண்டு வருடம் பொறுப்பதில் நஷ்டமில்லை. கட்டுமான விலை ஏறும். யாரும் குடியிருக்காத மாடிக்குக் கட்டும் வட்டி அந்த ஏற்றத்தைவிட அதிகம்.

இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களுக்கும் மாடியில் கொஞ்சம் வேலை இருக்கிறது. நீட்டியிருக்கும் கம்பிகளின் துருவைத் தேய்த்து எடுத்து, சிமென்ட் பால் பூசி, மெலிந்த கான்கிரீட்டால் மூடி வைக்கலாம்; என்றைக்காவது வேலை தொடங்கினால் அதை உடைத்துக் கம்பியை எடுத்துக்கொள்வது எளிது. தண்ணீர் தேங்கும் இடங்களில் வாட்டம் சரிசெய்யலாம். பொறியாளர் குழி வெட்டி எடுத்த ஃபுட்டிங் அளவையும் சோதனை அறிக்கையையும் தாய்ப்பத்திரம் இருக்கும் அதே ஃபைலில் வைத்துவிட்டால், அடுத்த தலைமுறை இதே பேச்சைத் தொடங்கும்போது மறுபடியும் டைல்ஸைப் பெயர்க்க வேண்டியிருக்காது.